கோணக் கொம்பு

முத்துசெல்வி ஃபோனை எடுத்து "அலோ" என்றாலே எதிர்முனையில் "சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "சார், பட்டா மாறுதலுக்கு என்னென்ன கொண்டாரணும்?" "சார், கடை எத்தன மணிவரைக்கும்?" ஆரம்பத்தில் "சார் இல்லைங்க, மேடம்" என்று திருத்திப் பார்த்தாள். திருத்தினால் ஒரு கணம் பேச்சு நிற்கும். அப்புறம் சிரிப்பு வரும், இல்லாவிட்டால் மன்னிப்பு வரும். இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. திருத்துவதை விட்டுப் பத்து வருஷமாகிறது.

கோவில்பட்டி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெயபாண்டி அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. நகல் எடுப்பது, மனு எழுதுவது, கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. எட்டயபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள். புருஷன் கண்ணுசாமி சின்ன லோடு வண்டி வைத்து, ஆடு ஏற்றிச் சந்தை சந்தையாகப் போகிறவன். ஒரே மகள் கிருஷ்ணவேணி, எட்டாம் வகுப்பு.

அவள் குரல் பன்னிரண்டு வயதில் மாறியது. ஒரு மாசிமாதம் காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது தொண்டையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. கனத்து, கரகரத்து, அடியிலிருந்து வந்தது. தூத்துக்குடியில் டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "கோளாறு ஒண்ணும் இல்ல, இதுதான் இவ குரல்" என்று அனுப்பிவிட்டார். கோளாறு என்று சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெண் பார்க்க வந்த அன்று, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால் போதும் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். கண்ணுசாமி அவள் குரலைக் கல்யாணம் முடிந்துதான் முதன்முதலில் கேட்டான். "ஏட்டி, சளி கட்டியிருக்கா?" என்று ஒரு வாரம் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தான். எட்டாவது நாள் அவள் உண்மையைச் சொன்னதும், "அப்பிடியா, சரி" என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அதோடு அந்தப் பேச்சு அந்த வீட்டில் முடிந்தது.

கோகுலகிருஷ்ணன் கடைக்கு வந்தது கொடை விழா நோட்டீஸ் நகல் எடுக்க. முப்பது வயதுக்காரன். கோயில் கொடைகளில் கச்சேரிக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். அன்று ஏதோ உதவித்தொகைக்குக் கடைசி நாள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஒருவன் முண்டியடித்துக்கொண்டு மிஷின் மேலேயே சாய்ந்தான். முத்துசெல்விக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, வெலகு! வரிசையில வா!"

கடை அடங்கியது. முண்டியவன் பின்னால் போனான். கோகுல் மட்டும் கையில் நோட்டீஸோடு அசையாமல் நின்றான். கூட்டம் கலைந்த பிறகும் போகவில்லை.

"அக்கா, நீங்க பாடுவீங்களா?"

கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் மிஷினுக்குத் தாள் போடத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். நான்காம் நாள் தன் ஃபோனில் ஒரு பாட்டைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டான். வெளிநாட்டுப் பாட்டு. டிக்டிக்கென்று மிஷின் தாளம், விளையாட்டுச் சாமான் மாதிரி கீச்சிடும் கீபோர்டு. அதன்மேல் ஒரு பொம்பளை, பாடுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியாமல் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நியூ வேவ்னு பேருக்கா. நாப்பது அம்பது வருசத்துக்கு முந்தி வந்த தினுசு. கொரல் அழகா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அவிய அவிய கொரலு, அவிய அவிய கிறுக்கு. இந்த மாதிரி நம்ம ஊர்த் தமிழ்ல ஒண்ணு பண்ணணும்னு மூணு வருசமா மெட்டு வச்சிருக்கேன். பாட ஆளு கெடைக்கல."

"ஊருல எத்தன பாட்டுக்காரி இருக்கா."

"எல்லாரும் நல்லா பாடுதாவக்கா. அதான் பிரச்சன."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எதைப் பற்றிப் பாடுவது என்று அவன் கேட்டபோது அவள்தான் அந்தக் கிடாயைச் சொன்னாள். அவள் அப்பா ஆடு மேய்த்தவர். அறுவடை முடிந்த கரிசல் காடுகளில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டபடி ஊர் ஊராகப் போவார்கள். அந்த மந்தையில் ஒரு கிடாய்க்கு ஒரு கொம்பு நேராக மேலே போயிருக்கும். இன்னொன்று வளைந்து தரையைப் பார்க்கும். பார்க்கிறவர்களெல்லாம் அந்தக் கொம்பை அறுத்துவிடச் சொன்னார்கள். அறுக்கப் போனவர்களை அது முட்டித் தள்ளியது. கடைசிவரை அப்படியே திரிந்தது. அவள் சொல்லச் சொல்லக் கோகுல் நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். எழுதியதில் பாதி அவள் சொன்ன வார்த்தைகளே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதிவு. உரக்கடை மாடியில் கோகுலின் அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளும் சாக்குகளும் தொங்கின. சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டான். வெக்கையில் இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. கண்ணுசாமி துணைக்கு வந்து வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

முதல் தடவை அவள் தன் குரலை மெலிதாக்கிப் பாடினாள். பழக்கம். கோகுல் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"அக்கா, யாரு மாதிரிப் பாடுதீங்க?"

அவள் தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆரம்பித்தபோது கண்ணை மூடிக்கொண்டு, கடையில் கத்துகிற குரலிலேயே பாடினாள்.

"ஒரு கொம்பு வானம் பாக்கும்,
ஒரு கொம்பு மண்ணப் பாக்கும்,
நேராக்க வந்தீயளே
நீங்க என்ன கொத்தனாரா?
கோணக் கொம்பு கோணக் கொம்பு,
எங்கொம்பு, எங்கொம்பு!
ஏலே, வெலகு!"

பாடி முடித்ததும் அவன் அதைத் திருப்பிப் போட்டு ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டினான். தன் குரலை அவள் அதுவரை முழுசாகக் கேட்டதில்லை. தாளத்துக்கு மேல் அது கிடாய் மாதிரியே தலையை ஆட்டி ஆட்டி நடந்து வந்தது. கேட்க வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். வெட்கம் வரவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாம் தடவை, தலையிலிருந்து கழற்றிக் கண்ணுசாமியின் காதில் வைத்தாள். அவன் கடைசிவரை கேட்டான்.

"இது ஒன் சத்தந்தாம்ட்டி," என்றான். அவனுக்கு அவ்வளவுதான் வரும்.

கோகுல் தன் யூடியூபில் பாட்டைப் போட்டான். முதல் வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் கேட்டார்கள். பாடுவது ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டினார்கள் சிலர். பெங்களூரிலிருந்து ஒரு பெண், 'எனக்கும் இதே குரல். இன்றைக்கு ஆபீஸ் மீட்டிங்கில் முதல்முறையாக வாயைத் திறந்தேன்' என்று எழுதியிருந்தாள். முத்துசெல்வி அதை பஸ்ஸில் போகும்போதெல்லாம் எடுத்து வாசிப்பாள். மகள் வேணி தன் பங்குக்குத் தோழிகளிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாம் மாதம் சென்னையிலிருந்து ஓர் ஆடியோ கம்பெனி கோகுலைக் கூப்பிட்டது. பாட்டை அவர்கள் பெரிதாக வெளியிடுகிறார்களாம். கோகுல் ஓடிவந்து கடை வாசலில் மூச்சு வாங்க நின்றான். மறுவாரமே ஒப்பந்தம் வந்தது. பதினோரு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். முத்துசெல்வி தானே அதை மிஷினில் வைத்து மூன்று நகல் எடுத்தாள்.

"படிச்சியாம்மா?" என்று ஜெயபாண்டி அண்ணாச்சி கேட்டார்.

"கோகுல் தம்பி படிச்சிருப்பாவ அண்ணாச்சி."

கோகுலோ, தாலுகாவுக்கே மனு எழுதுகிற அக்கா ஒரு பார்வை பார்த்திருப்பாள் என்று நினைத்திருந்தான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணாச்சி எல்லாருக்கும் டீ சொன்னார்.

வெளியான அன்று வெள்ளிக்கிழமை. கடையில் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாச்சி பாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு சத்தத்தைக் கூட்டினார். மனு எழுத வந்திருந்த இரண்டு பேரையும் இருந்து கேட்கச் சொன்னார். அதே மிஷின் தாளம். கூட ரெண்டு மேளம் சேர்த்திருந்தார்கள். கோகுலின் கீச்சுக் கீபோர்டு இருந்தது. பாட்டு தொடங்கியது.

பாடியது வேறு யாரோ.

தேன் மாதிரி ஒரு சின்னப்பெண் குரல். முதலில் யாரையோ வைத்துத் திரும்பப் பாட வைத்துவிட்டார்கள் என்றுதான் முத்துசெல்வி நினைத்தாள். இரண்டாவது வரியில் அவளுக்குப் புரிந்தது. 'மண்ணப் பாக்கும்' என்பதற்கு முன்னால், வெக்கையில் மூச்சு முட்டி அவள் கொஞ்சம் தாமதித்திருந்தாள். இந்தப் பெண்ணும் அதே இடத்தில் தாமதித்தாள். 'கொத்தனாரா'வில் அவள் சிரிப்பை அடக்கிய இடத்தில் இவளும் அடக்கினாள். யாரும் திரும்பப் பாடவில்லை. அவள் பாடியதையே எடுத்து, குரலை மட்டும் உரித்துவிட்டு வேறொன்றைப் போர்த்தியிருந்தார்கள். "ஏலே, வெலகு" என்ற இடத்தில் அந்தக் குரல் கொஞ்சியது. விலகச் சொல்கிற மாதிரியே இல்லை. கிட்டே கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் மனு எழுத வந்த பெரியவர். "ஆனா நீ பாடுனதுன்னாரே அண்ணாச்சி?"

அண்ணாச்சி பாட்டை நிறுத்திவிட்டார்.

அவள் கடைக்கு வெளியே வந்து கோகுலுக்கு ஃபோன் போட்டாள். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தான். அழுதிருந்தான்.

"எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்க்கா. சாஃப்ட்வேர்ல மாத்திட்டாவ. ஒங்க கொரலு எல்லாருக்கும் ஒத்து வராதாம். கொரலு வித்தியாசமா இருந்தா கேக்குறவன் தள்ளிவிட்டுப் போயிருவானாம். மாத்திக்கிடலாம்னு ஏழாம் பக்கத்துல இருக்குதாம், நாம கையெழுத்துப் போட்டிருக்கோமாம்."

"பாட்டே கோணலா இருக்கதப் பத்தித்தானடே."

"அதைத்தாங்க்கா நானும் கேட்டேன். அது கருத்து, அது நல்லாருக்கு, அத அப்பிடியே வச்சிருக்கோம்னு சொல்லுதாவ."

"நீ மொதல்ல போட்டது இருக்குல்லா? அதுல எங்கொரல் இருக்குல்லா?"

அதுவும் இல்லை என்றான். பாட்டு இப்போது கம்பெனிக்குச் சொந்தம் என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். மறுபடி போட்டாலும் யூடியூப் மிஷினே கண்டுபிடித்துத் தூக்கிவிடுகிறது. அவன் காலையிலிருந்து ஐந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டான்.

அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பெங்களூர்ப் பெண் எழுதியதை வாசிக்கலாம் என்று ஃபோனைத் திறந்தாள். வீடியோ போனதோடு அதுவும் போயிருந்தது.

அதற்குப் பிறகு பாட்டு எங்கும் வந்தது. எட்டயபுரம் பஸ்ஸில் வந்தது, ஜவுளிக்கடை வாசலில் வந்தது, காதுகுத்து வீட்டில் வந்தது. அதற்கென்று ஓர் ஆட்டம் பிறந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து, இடது விரலை நேராக நீட்டி வலது விரலைக் கோணலாக மடக்க வேண்டும். சின்னப்பிள்ளைகள், போலீஸ்காரர்கள், கல்யாண மாப்பிள்ளைகள் எல்லாரும் ஃபோன் முன்னால் நின்று ஆடினார்கள். 'நாம் நாமாக இருப்போம்' என்று கீழே எழுதினார்கள். எல்லாரும் வலது விரலைத்தான் மடக்கினார்கள்.

முத்துசெல்வி சும்மா இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள் தனக்கும் ஒன்று எழுதினாள். கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள், மெயிலிலும் அனுப்பினாள். ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டு, "கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி வந்திருக்கணும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். கம்பெனியிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. 'எங்கள் பாட்டை நேசிப்பதற்கு நன்றி' என்றிருந்தது.

வேணியின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டது அந்தச் சமயத்தில்தான். போனால், ஆண்டு விழா நடனத்தைப் பார்த்துக்கொள்ளும் சொர்ணத்தாய் டீச்சர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"ஒண்ணும் பெரிய விசயம் இல்லம்மா. விழாவுக்கு அந்தக் கோணக் கொம்புப் பாட்டு வச்சிருக்கோம். நாப்பது பிள்ளைக ஆடுது. வேணியும் ஆடுதா. பாடுனது எங்கம்மான்னு சொல்லியிருக்கா. மத்த பிள்ளைக சிரிச்சிருக்கு. இவ ஒருத்திய அடிச்சிட்டா."

வேணி சுவரோரம் நின்று கால்விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"அவ சொன்னது நெசந்தான் டீச்சர்," என்றாள் முத்துசெல்வி.

அந்தக் குரலைக் கேட்டதும் டீச்சரின் முகம் மாறியது. கேலி இல்லை, இரக்கம். முத்துசெல்வி நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கம்பெனி, ஏழாம் பக்கம், சாஃப்ட்வேர். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது கட்டுக்கதை மாதிரி ஒலித்தது. டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு வரி பாடிக் காட்டுங்களேன்."

பாடினாள். அடுத்த அறையில் பேச்சு நின்றது. ஜன்னலில் இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவள் பாடியதில்லை.

"நல்லாப் பாடுதீங்கம்மா. மெய்யாவே நல்லாப் பாடுதீங்க," என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா பாட்டுல இருக்கது வேற கொரல் இல்லியா? பிள்ளைகட்ட நான் என்னன்னு சொல்ல?"

முத்துசெல்வி வாயைத் திறந்தாள். அவள் பக்கம் பேசுவதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் குரல். அதுதான் அவளுக்கு எதிராக நின்றது.

வேணி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"விடும்மா," என்றாள். பிறகு டீச்சரிடம், "நான் சும்மா சொன்னேன் டீச்சர். பொய்தான். எல்லார்ட்டயும் சாரி கேட்டுருதேன்" என்றாள்.

பிள்ளையைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. வேணி வகுப்புக்குப் போய் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டதை, முத்துசெல்வி வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பிள்ளை திக்காமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நன்றாக மனப்பாடம் செய்த பாடம் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வேணி, "ஆட்டத்துல நான் இருக்கட்டுமாம்மா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. பாட்டு நல்லாருக்கும்மா."

"அப்ப ஆடு," என்றாள்.

ஆண்டு விழா முடிந்த வாரத்தில் கோகுல் கடைக்கு வந்தான். அந்தக் கம்பெனியிலேயே கீபோர்டு வாசிக்கும் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் அப்பா படுக்கையில் இருக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவன் இல்லை. சொல்லிக்கொண்டு போக வந்தவன், அவள் முகத்தைப் பார்க்காமலே ஒரு பென்டிரைவை மேஜையில் வைத்தான்.

"ஒங்க கொரல்ல இருக்கதுக்கா. இது ஒண்ணுதான் இருக்கு."

அவன் மேல் கோபப்பட அவளுக்கு ஆசைதான். வரவில்லை. "பாத்துப் போ. சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை எட்டயபுரம் சந்தை. கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கண்ணுசாமியோடு வண்டியில் போனாள். விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மைதானம் முழுக்க ஆடுகளும் புழுதியும். இறக்க இடம் கிடைக்கும்வரை ஓரமாக வண்டியை நிறுத்தினார்கள். கண்ணுசாமி தானாகவே பென்டிரைவைச் செருகிப் பாட்டைப் போட்டான். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கத்தலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. இரண்டு பேரும் கண்ணாடிக்கு நேரே பார்த்தபடி கேட்டார்கள்.

தெரிந்த வியாபாரி ஒருவர், வேல்ராஜ், ஆடு பார்க்க வந்து ஜன்னலில் கையை வைத்தார். கொஞ்சம் காது கொடுத்தார்.

"என்னவே இது? அந்தப் பொம்பளப்பிள்ள பாட்ட எவனோ ஆம்பள பாடியிருக்கான்?" என்று சிரித்தார். "நல்ல பாட்டு. இப்பிடியா கெடுத்து வைப்பான்!"

கண்ணுசாமி விருட்டென்று திரும்பினான். வாயைத் திறந்தான். என்ன சொல்வதென்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வேல்ராஜ் அதற்குள் பின்பக்கம் போய், "கதவத் தொறங்க, குட்டியப் பாப்பம்" என்றார்.

கண்ணுசாமி இறங்கிப் போனான். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குதிக்க, வண்டி ஆடியது. முத்துசெல்வி பாட்டை நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டவும் இல்லை. ஜன்னல் கண்ணாடியை மட்டும் மேலே ஏற்றிவிட்டு, வெக்கையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆடு பிடிக்க இறங்கினாள்.